ஸ்டாஃப் ரேட்

சடையாண்டிக்குச் சொந்த ஊர் எரியோடு. வயது இருபத்தாறு. திண்டுக்கல் பழனி ரோட்டில் ஒரு பெரிய பிரியாணி ஹோட்டலில் இரண்டு வருடமாக சர்வர் வேலை பார்த்துவந்தான். ஞாயிற்றுக்கிழமையென்றால் நூறு பிளேட், மற்ற நாட்களில் அறுபது எழுபது பிளேட் மட்டன் பிரியாணி அவன் கை வழியாக மேசைக்குப் போகும். ஒரு பிளேட் முந்நூற்று நாற்பது ரூபாய். அவனுடைய ஒரு நாள் சம்பளம் நானூற்று எண்பது. வேலை செய்கிறவர்களுக்கு மத்தியானம் நாலு மணிக்கு மேல்தான் சாப்பாடு. அடுப்படிக்குப் பின்னால் நின்றபடியே கறியில்லாத குஸ்காவும் தண்ணியாக விளாவிய தால்சாக் குழம்பும். குடும்பத்தோடு வந்து ஏசி ஹாலில் உட்கார்ந்து எலும்பை உறிஞ்சுகிறவர்களைப் பார்த்துப் பார்த்து அவனுக்குப் பொறாமைகூட மரத்துப் போயிருந்தது.

பானுப்ரியாவின் பழக்கம் ஒரு தீக்காயத்தில் தொடங்கியது. கொதிக்கக் கொதிக்க இருந்த தால்சா வாளியை யாரோ இடித்துவிட, மணிக்கட்டில் கொட்டித் தோல் வழன்றுவிட்டது. வேலை முடிந்து பஸ் ஸ்டாண்ட் பக்கத்து மருந்துக்கடையில் போய் நின்றான். பில் போடுகிற பெண் காயத்தைப் பார்த்தாள். அலமாரியிலிருந்து அவன் கேட்ட நூற்றுப்பத்து ரூபாய் களிம்பை எடுத்தவள், அதைத் திரும்ப வைத்துவிட்டு நாற்பது ரூபாய் டியூப் ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். இரண்டும் ஒரே மருந்துதான், டப்பாதான் வேறு என்று சொன்னாள். எழுபது ரூபாய் மிச்சம் பண்ணிக் கொடுத்த அந்த முகத்தை அவன் அன்றைக்கு ராத்திரி பூராவும் நினைத்துக்கொண்டிருந்தான்.

அப்புறம் பஞ்சு வாங்கப் போனான். தலைவலி மாத்திரை வாங்கப் போனான். நாலாவது தடவை போனபோது, இம்புட்டு மாத்திரை தின்றால் வயிறு புண்ணாகிவிடும் என்று அவளே சிரித்தாள். அவளுக்குத் தாடிக்கொம்பு. பி.காம். முடித்துவிட்டு மாதம் ஒன்பதாயிரத்து ஐந்நூறுக்கு அந்தக் கடையில் இருந்தாள். நம்பர் வாங்கிக்கொண்டார்கள். மூன்று மாதமாக போனில் பேச்சு.

முதல் வாரத்திலேயே, என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று அவள் கேட்டாள். அவளுடைய அக்கா வீட்டுக்காரர் வேடசந்தூர்ப் பக்கம் ஒரு மில்லில் சூப்பர்வைசர் என்று அப்போதுதான் சொல்லி முடித்திருந்தாள். அந்தச் சொல் அவன் காதில் இருந்தது. "ஹோட்டல்ல சூப்பர்வைசரா இருக்கேன்" என்று சொல்லிவிட்டான். யோசித்துச் சொன்ன பொய் இல்லை. ஆனால் சொன்னபிறகு அதற்குத் தீனி போட வேண்டியிருந்தது. பசங்களை வேலை வாங்கி முடிப்பதற்குள் போதும் போதுமென்றாகிவிட்டது என்பான். இன்றைக்கு ஒருத்தன் வரவில்லை, நானே இறங்கி வேலை பார்த்தேன் என்பான். சூப்பர்வைசர் தானே இறங்கி வேலை பார்ப்பது அவளுக்குப் பிடித்திருந்தது.

ஒருநாள் அவள் கேட்டாள், எப்போதும் போனிலேயேதானா என்று. புதன்கிழமை அவளுக்கு அரைநாள் வேலை. இரண்டு மணிக்கு வெளியே வந்துவிடலாம். எங்காவது உட்கார்ந்து நிதானமாகச் சாப்பிட்டுப் பேசலாம் என்றாள். சரி என்று சொல்லிவிட்டு போனை வைத்ததும் அவன் பணத்தை எண்ணிப் பார்த்தான். ஊருக்கு அனுப்பியது போக, மாதக் கடைசி வரைக்கும் சேர்த்து அவன் கையில் இருந்தது ஆயிரத்துச் சொச்சம். அதில் தொள்ளாயிரம் வரை செலவழிக்கலாம். அதற்குமேல் போனால் பஸ்ஸுக்குக் காசிருக்காது.

நாலு நாள் அதே சிந்தனை. பைபாஸில் புதிதாகத் திறந்திருந்த காப்பிக் கடைக்கு வேலைக்குப் போகிற வழியில் நுழைந்து விலைப்பட்டியலைப் பார்த்தான். ஒரு காப்பி நூற்றறுபது. அதைக் குடித்துவிட்டு எவ்வளவு நேரம் உட்கார முடியும், அவள் பசியோடு வேறு வருவாள். பீட்சாக் கடையில் நூற்றுத் தொண்ணூற்றொன்பது என்று பெரிதாகப் போட்டிருந்தது, உள்ளே போய்க் கேட்டால் அது ஒரு உள்ளங்கை அளவு. சினிமா என்றால் டிக்கெட்டும் பாப்கார்னும் சேர்த்து எழுநூறு, படம் பார்ப்பார்களே தவிர பேச முடியாது. மலைக்கோட்டைக்கு டிக்கெட் சொற்பம்தான், ஆனால் மூன்று மணி வெயிலில் பாறையில் ஒரு பெண்ணை ஏற்றுவது எப்படி. சிறுமலைக்குப் போக வண்டி இரவல் வாங்கிப் பெட்ரோல் போட வேண்டும், அவ்வளவு தூரம் அவள் முதல் தடவையே வரமாட்டாள். தாடிக்கொம்புக் கோயிலுக்குப் போகலாம், செலவே இல்லை. ஆனால் அது அவள் ஊர். பட்டரிலிருந்து பூக்காரி வரைக்கும் அவளைத் தெரிந்தவர்கள்.

பேகம்பூரில் அவனோடு அறையில் இருந்தவன் ஃபயாஸ். அதே ஹோட்டலில் சர்வர். இவன் ராத்திரியில் புரண்டு புரண்டு படுப்பதைப் பார்த்து விஷயத்தைக் கறந்துவிட்டான். கேட்டுவிட்டு ஃபயாஸ் சொன்ன யோசனை எளிமையாக இருந்தது. ஸ்டாஃப் ஆட்கள் வீட்டாரைக் கூட்டிவந்து சாப்பிட்டால் பாதி பில்தான். மேனேஜர் கையெழுத்துப் போட்டால் போதும். இரண்டு வருடத்தில் யாரும் அதைக் கேட்டதாகச் சடையாண்டிக்கு நினைவில்லை. ஆனால் அப்படி ஒரு ரேட் இருந்தது உண்மைதான்.

மேனேஜர் பெயர் கண்ணுசாமி. ஐம்பது வயது இருக்கும். நெற்றியில் சந்தனம், மெல்லிய குரல். யாரையும் திட்டி ஒருவரும் கேட்டதில்லை. போன மாதம் டிப்ஸ் டப்பாவைத் திறந்து பங்கு வைத்தபோது, எல்லோர் முன்னாலும் சடையாண்டி ஒரு வார்த்தை கேட்டிருந்தான்: அண்ணே, ஞாயித்துக்கிழமை மட்டும் இதைவிட அதிகம் விழுந்துச்சே என்று. கண்ணுசாமி அப்போதும் கோபப்படவில்லை. அவன் முதுகில் தட்டி, புத்திசாலிப்பா நீ என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அதோடு அது முடிந்ததென்று சடையாண்டி நினைத்தான்.

இவன் தயங்கித் தயங்கிக் கேட்டதும் கண்ணுசாமியின் முகம் மலர்ந்துவிட்டது. "இதுக்கு ஏன்ப்பு இம்புட்டுக் கூச்சம்? புதன்கிழம மூணு மணிக்கு ஹால் காலியாத்தான் கெடக்கும். கூட்டிட்டு வா. நான் பாத்துக்கிறேன்" என்றார்.

சடையாண்டி இன்னொன்றும் சொல்லவேண்டியிருந்தது. தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். அந்தப் பெண்ணிடம் சூப்பர்வைசர் என்று சொல்லி வைத்திருக்கிறேன், பசங்க யாரும் காட்டிக்கொடுத்துவிடக் கூடாது என்று. கண்ணுசாமி ஒரு நிமிடம் அவனைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு சிரித்தார். சொல்லிவிட்டுப் போ, அதனால் யாருக்கு என்ன நஷ்டம், எல்லார்கிட்டயும் நான் சொல்லிடறேன் என்றார். சடையாண்டி கல்லாவுக்கு முன்னால் நின்று இரண்டு கையையும் கூப்பினான்.

புதன்கிழமை வந்தது. அன்றைக்கு அவன் லீவு போட்டிருந்தான். தீபாவளிக்கு எடுத்த வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு ஹோட்டல் வாசலில் நின்றான். பானுப்ரியா ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கினாள். மஞ்சள் சுடிதார், தலையில் ஒரு முழம் பூ. ரோட்டைக் கடந்து வரும்போதே அவள் முகத்தில் சிரிப்பிருந்தது. இரண்டு வருடமாக வாளியோடு நுழைந்த கதவில் அன்றைக்கு அவன் வெறுங்கையோடு நுழைந்தான். ஏசிக் குளிர் முகத்தில் அடித்தது. மூலையில் ஐந்தாம் நம்பர் மேசை. நாற்காலியில் மெத்தை இவ்வளவு அமுங்கும் என்று அவனுக்கு அதுவரை தெரியாது.

ஃபயாஸ்தான் அந்த மேசைக்கு வந்தான். தண்ணீர் ஊற்றி, வாங்க சார், வாங்க மேடம் என்றான். அவன் குரலில் கேலி இல்லை. ஆனால் அடுப்படியின் சின்ன ஜன்னலில் இரண்டு தலை தெரிந்து மறைந்தது. சடையாண்டி அதைப் பார்க்காதது போல இருந்துகொண்டான்.

மெனு அட்டையை அவளிடம் கொடுத்தான். அவள் முதலில் வலதுபக்கம் விலையைப் பார்த்தாள், அப்புறம்தான் இடதுபக்கம் பெயரைப் படித்தாள். அதைப் பார்த்ததும் அவனுக்கு அவள்மேல் பிரியம் பொங்கிக்கொண்டு வந்தது. சிக்கன் பிரியாணி ஒன்றே போதும், பாதிப் பாதி சாப்பிடலாம் என்றாள். அவன் ஒத்துக்கொள்ளவில்லை. இரண்டு மட்டன் பிரியாணி சொன்னான். வரியோடு எழுநூறு ஆனாலும் பாதிதானே என்ற தைரியம்.

இலை போட்டு, சீரகச் சம்பாச் சோறு ஆவி பறக்க வந்தது. அவள் முதல் கவளத்தை வாயில் வைத்துவிட்டுக் கண்ணை மூடினாள். கடையில் தினமும் தயிர்சாதமும் ஊறுகாயும்தான், வீட்டில் கறி எடுத்தால் ஆறு பேருக்குக் கால் கிலோ, வெஞ்சனத்துக்குக் காணாது என்று சொல்லிச் சிரித்தாள். அவன் தன் இலையிலிருந்த பெரிய கறித்துண்டை எடுத்து அவள் இலையில் வைத்தான். வேண்டாம் என்று சொல்லவில்லை, ஆனால் கொஞ்ச நேரம் அதைத் தொடாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு சொன்னாள்: "உங்க ஹோட்டலுக்கே கூட்டிட்டு வந்தீங்க பாருங்க, அதுதான் எனக்குப் பிடிச்சிருக்கு. வேற எங்கயாச்சும்னா எதையோ மறைக்கிறீங்கன்னு நெனச்சிருப்பேன்."

அவன் எடுத்த கவளத்தை இலையிலேயே வைத்தான். இன்றைக்கே சொல்லிவிடலாம், சாப்பிட்டு முடித்துக் கை கழுவும்போது சொல்லிவிடலாம் என்று முடிவு பண்ணினான். நல்ல பெண். கோபப்பட்டாலும் புரிந்துகொள்வாள்.

அப்போது ஃபயாஸ் இன்னும் இரண்டு தட்டு கொண்டுவந்து வைத்தான். மட்டன் சுக்கா ஒன்று, நாட்டுக்கோழி வறுவல் ஒன்று. கூடவே இரண்டு ஜிகர்தண்டா. நாங்க சொல்லலையே என்றான் சடையாண்டி. மேனேஜர் அனுப்பினார் என்று சொல்லிவிட்டு, முகத்தைப் பார்க்காமல் ஃபயாஸ் போய்விட்டான். பானுப்ரியா கல்லாப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். கண்ணுசாமி அங்கிருந்தே தலையசைத்தார். உங்களுக்கு இங்கே எவ்வளவு மரியாதை என்றாள் அவள். சடையாண்டிக்குக் கண் கலங்கிவிட்டது. மனுசனைத் தப்பாக நினைத்துவிட்டோமே என்று நினைத்தான்.

செத்த நேரத்தில் கண்ணுசாமியே மேசைக்கு வந்தார். "சூப்பர்வைசர் சார், எல்லாம் சரியா இருக்கா?" என்று குனிந்து கேட்டார். பிறகு அவளிடம் எந்த ஊர், அப்பா என்ன செய்கிறார், கூடப் பிறந்தவர்கள் எத்தனை பேர் என்று விசாரித்தார். அவள் ஒவ்வொன்றுக்கும் மரியாதையாகப் பதில் சொன்னாள். சார் ரொம்பக் கண்டிப்பும்மா, டிப்ஸ் டப்பாவில விழுகிற ஒத்தை ரூபாயைக்கூட விடமாட்டாரு, எங்களுக்கெல்லாம் அவர்கிட்ட பயம்தான் என்றார். அடுப்படி ஜன்னலில் யாரோ சிரிப்பை அடக்கினார்கள். பானுப்ரியா பெருமையாகச் சடையாண்டியைப் பார்த்தாள். அவனுக்குக் காது இரண்டும் சூடேறிவிட்டது.

அவர் திரும்பிப் போனதும் வாசலில் இரண்டு வேன் வந்து நின்றது. கொடைக்கானலிலிருந்து இறங்கி வருகிற கூட்டம். இருபத்துநாலு பேர் கைக்குழந்தைகளோடு ஹாலுக்குள் நுழைந்து நாற்காலிகளை இழுத்துப் போட்டார்கள். அந்த நேரத்துக்கு ஹாலில் இருந்தது ஃபயாஸும் இன்னொருவனும்தான்.

கண்ணுசாமி மறுபடியும் ஐந்தாம் நம்பர் மேசைக்கு வந்தார். அதே மெல்லிய குரல்.

"சடையாண்டி, எந்திரிப்பா. ஆளு வந்துருச்சு. எலையப் போடு."

அவன் விளங்காமல் விழித்தான். "அண்ணே, நான் இன்னிக்கு லீவுண்ணே."

"யாரு சொன்னா? ரெஜிஸ்டர்ல உனக்கு ப்ரெசன்ட் போட்டுருக்கேன். டூட்டில இருக்குறவனுக்குத்தானப்பு ஸ்டாஃப் ரேட்டு. லீவுன்னா சொல்லு, கஸ்டமர் பில்லாப் போட்டுர்றேன். ஒண்ணும் கட்டாயமில்ல."

சொல்லிவிட்டு பில்லை மேசைமேல் வைத்தார். சுக்கா, வறுவல், ஜிகர்தண்டா எல்லாம் அதில் இருந்தது. வரியோடு ஆயிரத்து நானூற்று அறுபது.

சடையாண்டியின் சட்டைப்பையில் தொள்ளாயிரம் இருந்தது. போனில் நூற்றுப் பன்னிரண்டு ரூபாய். மீதிக்குப் பானுப்ரியாவிடம்தான் கேட்க வேண்டும். முதல் தடவை வெளியே கூட்டிவந்த பெண்ணிடம், மேனேஜர் பார்த்துக்கொண்டு நிற்க, பர்ஸைத் திற என்று சொல்ல வேண்டும். அதை நினைத்ததுமே அவன் உடம்பு கூசிப்போனது. அவள் பில்லைப் பார்க்கவில்லை. அவன் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பானு, செத்த நேரம். இப்ப வந்துர்றேன்" என்றான். சாப்பிட்ட கையைக் கழுவக்கூட இல்லை, துடைத்துக்கொண்டு எழுந்துவிட்டான்.

சுவரோரம் தொங்கிய மெரூன் ஏப்ரனை எடுத்து வெள்ளைச் சட்டைமேல் கட்டிக்கொண்டான். இலைக்கட்டை எடுத்தான். கை அதன் பாட்டுக்கு வேலையைப் பார்த்தது. இலை, தண்ணீர், தயிர்வெங்காயம், தால்சா. வேனில் வந்தவர்களில் ஒரு பெரியவர் கைக்குழந்தை துப்பியதைக் காட்டி, ஏய் தம்பி, இதைத் துடை என்றார். துடைத்தான். இன்னொருவர் சோறு ஆறிப்போயிருக்கிறதென்று சத்தம் போட்டார். திரும்ப எடுத்துக்கொண்டு போனான். ஒவ்வொரு தடவையும் ஐந்தாம் நம்பர் மேசையைத் தாண்டித்தான் போக வேண்டும். தாண்டும்போதெல்லாம் தலையைத் திருப்பிக்கொண்டான். அடுப்படியில் வேலையை விட்டுவிட்டு எல்லோரும் ஜன்னலுக்கு வந்துவிட்டார்கள். "சூப்பர்வைசர், ரெண்டு குஸ்கா!" என்று ஒருவன் குரல் கொடுத்தான். ஒரே சிரிப்பு.

பானுப்ரியா முதலில் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். இலையில் பாதிச் சோறு இருந்தது. எதிரே அவன் விட்டுப்போன இலையில் ஈ ஒன்று சுற்றியது. அவள் பையைத் தோளில் மாட்டப் போனாள். பிறகு என்ன நினைத்தாளோ, பையை மறுபடியும் பக்கத்தில் வைத்துவிட்டுச் சாப்பிட ஆரம்பித்தாள். அவசரப்படாமல், ஒவ்வொரு கவளமாக. சுக்காவைச் சாப்பிட்டாள். அவன் வைத்த பெரிய துண்டைச் சாப்பிட்டாள். வறுவலில் எலும்பைக் கடித்து உறிஞ்சி இலையோரத்தில் வைத்தாள்.

சடையாண்டி தால்சா வாளியோடு அவளைத் தாண்டியபோது அவள் கையை உயர்த்தினாள்.

"அண்ணே, கொஞ்சம் தயிர்வெங்காயம்."

வேறு யாரையோ கூப்பிடுகிறாள் என்றுதான் நினைத்தான். நிமிர்ந்து பார்த்தான். அவள் நேராக அவனைத்தான் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம்கூட இல்லை. ஹோட்டலில் சாப்பிட வருகிற பெண்கள் எல்லோரும் சர்வரைப் பார்க்கிற பார்வை. அவன் போய்த் தயிர்வெங்காயக் கிண்ணத்தை எடுத்து வந்தான். ஒரு கரண்டி வைத்தான்.

"போதும்ணே" என்றாள்.

ஜன்னலில் எழுந்த சிரிப்பு ஹால் முழுக்கக் கேட்டது. வேனில் வந்தவர்கள்கூட என்னவென்று திரும்பிப் பார்த்தார்கள். ஃபயாஸ் மட்டும் தண்ணீர் ஜக்கைப் பிடித்துக்கொண்டு சுவரைப் பார்த்து நின்றான்.

அவள் எழுந்து கை கழுவினாள். பில்லை எடுத்துக்கொண்டு கல்லாவுக்குப் போனாள். கண்ணுசாமி எழுந்து நின்று, நீ எதுக்கும்மா குடுக்கிற, அது அவன் பார்த்துக்குவான் என்றார். "சாப்பிட்டது நான்தானே" என்றாள் அவள். போனை எடுத்துப் பணம் போட்டாள். கல்லா மேலிருந்த பெட்டி, ஆயிரத்து நானூற்று அறுபது ரூபாய் வந்து சேர்ந்தது என்று ஹாலுக்கே கேட்கும்படி அறிவித்தது. அவளுடைய நாலைந்து நாள் சம்பளம் அது. ஆறாம் நம்பர் மேசையில் சோறு வைத்துக்கொண்டிருந்த சடையாண்டியின் கை நின்றது.

ஏப்ரனை அவிழ்க்காமலே வெளியே ஓடினான். அவள் பஸ் நிறுத்தத்தில் நின்றுகொண்டிருந்தாள். வெயிலுக்குத் துப்பட்டாவைத் தலையில் போட்டிருந்தாள். அவன் மூச்சிரைக்க எதிரில் போய் நின்றான். பொய் சொன்னது தப்புதான், இன்றைக்கே சொல்லிவிடலாமென்று இருந்தேன் என்றான். பில் தொகையைச் சொன்னான். தன்னிடம் தொள்ளாயிரம்தான் இருந்ததென்றான். எல்லாவற்றையும் அவள் கேட்டாள்.

"சர்வர்னு சொல்லிருந்தாலும் வந்திருப்பேன்" என்றாள். "நான் மட்டும் என்ன கலெக்டர் ஆபீஸ்லயா இருக்கேன்? மிச்சத்த எங்கிட்ட கேட்டுருக்கலாம்ல?"

"பொண்ணுகிட்ட எப்படிங்க..."

"அதுக்கு என்னைய ஒத்தையில உக்கார வச்சுட்டு எந்திரிச்சுப் போவீங்களா? அந்த ஜன்னல்ல எத்தன பேரு நின்னு பாத்தாங்க தெரியுமா? எலைய மூடிட்டு வந்திருந்தா இன்னும் சிரிச்சிருப்பாங்க. அதுக்காகத்தான் தின்னேன். ஒரு வாய்கூட எறங்கல."

அவன் ஏப்ரனில் கையைத் துடைத்தான். கையில் தால்சா காய்ந்து மஞ்சளாக ஒட்டியிருந்தது.

"அவரு எந்திரின்னாரு, நீங்க எந்திரிச்சீங்க" என்றாள். "நாளைக்கு வேற யாராச்சும் சொன்னாலும் எந்திரிப்பீங்க."

தாடிக்கொம்பு பஸ் வந்தது. பணத்தை இரண்டு மாதத்தில் திருப்பித் தந்துவிடுகிறேன் என்றான். வேணாம், அது நான் தின்ன சோறு என்று சொல்லிவிட்டு ஏறிக்கொண்டாள். பஸ் நகர்ந்தது. ஜன்னலோரம் உட்கார்ந்தவள் திரும்பிப் பார்க்கவில்லை.

அவன் ரோட்டைக் கடந்து ஹோட்டலுக்குத்தான் போனான். வேனில் வந்தவர்களுக்கு மறுசோறு வைக்க வேண்டியிருந்தது. ரெஜிஸ்டரில் ப்ரெசன்ட் போட்டிருந்ததால் இரவு பத்து மணி வரைக்கும் வேலை பார்த்தான். அறைக்குப் போனதும் ஃபயாஸ் ஏதோ சொல்ல வந்தான். மேனேஜர் சொல்லித்தான் தட்டைக் கொண்டுவந்தேன், இப்படிச் செய்வார் என்று சத்தியமாகத் தெரியாது என்றான். சடையாண்டி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

அந்த மாதச் சம்பளம் வாங்கும்போது எழுநூற்று முப்பது ரூபாய் குறைந்தது. கேட்டான். அந்தப் பொண்ணு முழுசாகக் கொடுத்துவிட்டதே என்றான். கண்ணுசாமி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே பொறுமையாகச் சொன்னார்: "அது கஸ்டமர் குடுத்தது. நீயும் உக்காந்து தின்னேல்ல? உனக்குத்தான் ஸ்டாஃப் ரேட்டு. வேணும்னா எல்லாரையும் கூப்பிடு, எல்லார் முன்னாடியும் பேசுவோம். உனக்கு அது பழக்கம்தானே." சுற்றிலும் நின்றவர்கள் சிரித்தார்கள். அவன் கொடுத்ததை வாங்கிக்கொண்டு நகர்ந்தான்.

பானுப்ரியா அவனுடைய நம்பரை ப்ளாக் பண்ணிவிட்டாள். பத்து நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒரு சாயங்காலம் மருந்துக்கடைக்குப் போனான். கூட்டம் குறையும்வரைக்கும் ஓரமாக நின்றான். அவள் நிமிர்ந்து, என்ன வேணும் என்று கேட்டாள். பானு என்று ஆரம்பித்தான். என்ன மருந்து வேணும், சீட்டு இருக்கா என்று கேட்டாள். பின்னால் ஒரு அம்மாள் அவசரப்படுத்தினாள். தலைவலி மாத்திரை ஒரு அட்டை என்றான். அவள் பில் போட்டு, மீதிச் சில்லறையை கையில் கொடுக்காமல் கண்ணாடி மேல் வைத்தாள். அடுத்து யாருங்க என்றாள்.

ஹோட்டலில் அவன் பெயர் சூப்பர்வைசர் என்றே ஆகிவிட்டது. பாத்திரம் கழுவுகிறவர்கள் முதல் இறைச்சி கொண்டுவருகிறவர் வரைக்கும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். வேடசந்தூரில் ஒரு ஹோட்டலில் கேட்டுப் பார்த்தான். நானூறுதான் தருவோம் என்றார்கள். எண்பது ரூபாய் குறைய மனமில்லாமல் இங்கேயே இருந்துவிட்டான். கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கவும் பழகிக்கொண்டான். சிரித்துக்கொண்டே, சொல்லுங்கண்ணே என்று பதில் சொல்லக்கூட வந்துவிட்டது.

இரண்டு மாதம் போயிருக்கும். ஒரு சனிக்கிழமை மத்தியானம் அய்யலூர்ப் பக்கத்திலிருந்து ஒரு இளைஞனும் ஒரு பெண்ணும் வந்து உட்கார்ந்தார்கள். அவன் காலில் செம்மண் புழுதி, சட்டையில் மட்டும் மடிப்புக் கலையாத இஸ்திரி. அவள் ஹாலின் விளக்குகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் மெனு அட்டையை மேலிருந்து கீழாக, கீழிருந்து மேலாகப் படித்தான். பிறகு சடையாண்டியைக் கண்ணாலேயே கிட்டே அழைத்து, அவளுக்குக் கேட்காமல் கேட்டான்.

"ப்ரோ, இருக்குறதுலயே கம்மியா என்ன இருக்கு?"

அவன் பையில் எவ்வளவு இருக்கும் என்று சடையாண்டிக்கு ரூபாய்க் கணக்காகத் தெரிந்தது. எத்தனை நாள் யோசித்திருப்பான், எந்தெந்தக் கடையில் ஏறி இறங்கியிருப்பான் என்பதும் தெரிந்தது. காதோடு ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். முட்டைப் பிரியாணி நூற்றைம்பதுக்கு இருந்தது, அட்டையில் பின்பக்கம் சின்ன எழுத்தில்.

சடையாண்டி நிமிர்ந்து நின்றான். பக்கத்து மேசைகளுக்குக் கேட்கும்படி சொன்னான்.

"இருக்குறதுலயே கம்மியானது கேக்குறீங்களா சார்? குஸ்காதான். ஆனா அது பார்சல் மட்டும். ஏசி ஹால்ல உக்காந்து சாப்பிடுறவங்களுக்குத் தர்றதில்ல."

அப்படியொரு விதி அந்த ஹோட்டலில் கிடையாது. பக்கத்து மேசையில் ஒருவர் திரும்பிப் பார்த்தார். அந்தப் பெண் சட்டென்று தலையைக் குனிந்து துப்பட்டா நுனியைச் சுருட்டத் தொடங்கினாள். இளைஞன் மெனு அட்டையை மூடி வைத்தான். கல்லாவிலிருந்து கண்ணுசாமி எட்டிப் பார்த்துவிட்டு, திருப்தியாகத் தலையைக் குனிந்துகொண்டார்.

"ரெண்டு மட்டன் பிரியாணி" என்றான் இளைஞன்.

"குடிக்க என்ன சார், லெமன் சோடா சொல்லவா? ஆளுக்கொண்ணு?" என்று கேட்டான் சடையாண்டி. அவன் பதில் சொல்வதற்குள்ளேயே எழுதிக்கொண்டு அடுப்படிப் பக்கம் நடந்தான்.